பெயரும் இடமும் நாளும்

நூதனசாலை என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவன பெரும்பாலும் மன்னரின் சிம்மாசனமும் உடைந்த சிலைகளுமே. பாடசாலைச் சுற்றுலாவில் வரிசையாக நடந்து, 'தொடாதீர்கள்' என்னும் அறிவித்தலை மட்டும் ஐயந்திரிபற மனனஞ் செய்துகொண்டு வீடு திரும்பிய அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. ஆயின் நூதனசாலைக்குப் பின்கதவு ஒன்றும் உண்டு. கொழும்பில், 1986 ஆம் ஆண்டு தனியாகத் திறந்துவைக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு, விலங்கியல் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவருக்குத் துணையாகச் சென்றபோது, அப்பின்கதவு வழியே நுழையும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

இங்குள்ள சேகரிப்பின் வரலாறு பழையது. ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் கொழும்பு நூதனசாலை 1877 இல் திறக்கப்பட்டபோது, அதன் முதற் பணிப்பாளராயிருந்த அமிரால்ட் ஹாலி ஒரு விலங்கியலாளர். அவருக்குப் பின்வந்த ஆதர் வில்லி 1903 இல் 'ஸ்பொலியா செய்லானிகா' என்னும் ஆய்விதழைத் தொடக்கினார். எனவே காட்சிக்கூடம் இந்நிறுவனத்தின் முகம் மட்டுமே. ஆய்வுச் சேகரிப்புத்தான் அதன் நெஞ்சு.

பூச்சி உருண்டை மணக்கும் இழுப்பறைகளும் மதுசாரம் நிறைந்த போத்தல்களுமே அவ்வறையின் செல்வம். ஒரே இனத்தில் இத்தனை உடல்கள் எதற்கு என்று கேட்டேன். ஓருயிர் ஓர் இனமாகாது என்றார் நண்பர். ஆணும் பெண்ணும், குஞ்சும் முதிர்ந்ததும், மலையில் வாழ்வதும் வரண்ட நிலத்தில் வாழ்வதும் தம்முள் எவ்வளவு வேறுபடும் என்பதை அறிந்தாலன்றி, புதிதாக ஒன்று அகப்படும்போது அது புதிதென்று துணிய இயலாது. அவ்வாறு துணிந்து பெயரிடுவோர், எந்த உடலை முன்வைத்துப் பெயரிட்டனரோ அவ்வுடலை வகைமாதிரியாகக் காத்து வைக்கவேண்டும். நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தாலும் வழக்கு அந்த உடலின் முன்னிலையிலேயே தீர்க்கப்படும்.

சேகரித்தவர் கனவிலும் கருதாத கேள்விக்கும் இவை விடையளிப்பதுண்டு. பிரித்தானியாவில் இராசாளிப் பருந்தின் முட்டைகள் கூட்டிலேயே உடைவதேன் என்று ஆராய்ந்த டெரெக் ராட்கிளிஃப், பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டைகளை நிறுத்தும் அளந்தும் பார்த்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்து வந்தமையை 1967 இல் வெளிப்படுத்தினார். டி.டி.ரி. போன்ற பூச்சிகொல்லிகளின் கேடு வெளிச்சத்துக்கு வந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. பொழுதுபோக்காக முட்டை பொறுக்கியவர்கள் தம்மை அறியாமலே சாட்சியம் திரட்டி வைத்திருந்தார்கள். வயலுக்கு மருந்தடிக்கும் வன்னியிலே அத்தகைய சாட்சியத்தை யார் திரட்டி வைத்திருக்கிறார்கள்?

சிலந்திப் போத்தல் ஒன்றை நண்பர் மேசையில் வைத்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பீசிலோதீரியா என்னும் பெருஞ்சிலந்திப் பேரினத்தைச் சேர்ந்தது அது. மதுசாரத்தில் நிறம் வெளிறியிருந்தது. போத்தலினுள்ளேயே, மதுசாரத்தில் கரையாத மையால் எழுதிய சிறு பெயர்ச்சீட்டும் கிடந்தது. "இதன் உறவினம் ஒன்று உங்கள் மாங்குளத்தில் அகப்பட்டது, தெரியுமா?" என்று அங்கிருந்த அலுவலர் என்னை வினவினார்.

2009 ஒக்டோபரில் மாங்குளத்து ஊரவர் ஒருவர் அடித்துக்கொன்ற ஆண் சிலந்தி ஒன்று ஆய்வாளர் கைக்குச் சென்றது. தேடியபோது, மாங்குளம் ஆசுபத்திரியின் பழைய வைத்தியர் விடுதியிலும் அவ்வினம் காணப்பட்டது. கால் விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். கால்களில் மஞ்சளும் சாம்பலும், உடலைச் சுற்றி இளஞ்சிவப்புப் பட்டை. 2012 இல் அதனைப் புதிய இனமென அறிவித்தவர்கள், ஆபத்து நிறைந்த காட்டில் தமக்கு வழிகாட்டிய தமிழ்ப் பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரால் அதற்கு 'இராஜேயி' என்று பெயர் சூட்டினர். முதிய மரங்களின் பொந்துகளில் வாழவேண்டிய உயிர், காடு அருகியமையால் பாழடைந்த கட்டடங்களை நாடியது என்பது அவர்கள் கருத்து.

அந்த ஒக்டோபரில் எம் குடும்பம் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில், முட்கம்பி வேலிக்குள் இருந்தது. நாங்கள் விட்டுப்போன ஊரிலே ஆளற்ற கட்டடங்களுக்குச் சிலந்திகள் குடிவந்திருந்தன. போத்தலினுள் கிடந்த சீட்டை மீண்டும் பார்த்தேன். பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் யார் என்பது. ஒரு பூச்சியின் சாவுக்கு இவ்வளவு கணக்கு. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்து, காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளைப் பற்றிய கணக்கைக் கேட்கத் தொடங்கிய தாய்மாரின் நினைவு வந்தது. ஒப்பிடத் தகாத ஒப்புமைதான். எனினும் வந்த நினைவை மறைப்பானேன்?

அலுவலர் குறிப்பேட்டைத் திறந்து, உங்கள் பகுதியில் இதனை எவ்வாறு அழைப்பர் என்று கேட்டார். பாலை, முதிரை, வீரை, கருங்காலி என்று மரங்களைக் கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பேன். இதற்குச் சிலந்தி என்பதன்றி வேறு பெயர் எதனையும் எம்வீட்டில் நான் கேட்டதில்லை. விசாரித்து எழுதுவதாகச் சொல்லி முகவரியைப் பெற்றுக்கொண்டேன்.

ஊருக்குச் சென்றதும், காட்டையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த அயல்வீட்டு அப்புவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணை இடுக்கி நெடுநேரம் பார்த்தார்.

"உதுக்கென்ன பேர் தம்பி? கண்டால் அடிக்கிறதுதான். முந்தி பழம் பாலையளின்ரை கொத்துக்குள்ளை கிடக்கும்."

"இப்ப காணேல்லையோ, அப்பு?"

"இப்ப பழம் பாலை எங்கை கிடக்கு?" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். பெயருக்கென விட்டிருந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டேன்.