ம் கொட்ட ஓர் ஆள்

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்து, விதைக்கு மல்லாட்டை உடைக்க உட்கார்ந்தால் கதை சொல்லத் தொடங்கிவிடுவார். அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான். கேட்கிறவர்கள் ம் கொட்ட வேண்டும். ம் நின்றால் கதையும் நின்றுவிடும். "தூங்கிட்டியா?" என்பார். "இல்ல ஆயா, அப்புறம்?" என்று நாங்கள் பதறிக்கொண்டு கேட்போம். அந்த 'அப்புறம்' காதில் விழுந்த பிறகுதான் ராஜா குதிரையில் ஏறுவான்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகி இருபத்து நான்கு வருடங்கள் ஆகின்றன. வாசிக்கக் கற்பிப்பது பற்றி எத்தனையோ பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் ஆயா கேட்ட அந்த ம்முக்கும் என் வகுப்பறைக்கும் உள்ள உறவு, பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகள், சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பின் கடைசி மாதத்தில் வீட்டுக்குப் போன பிள்ளைகள், மூன்றாம் வகுப்பின் நடுவில் திரும்பி வந்தார்கள். உயரம் கூடியிருந்தது. எழுத்து கரைந்திருந்தது. கரும்பலகையில் 'கொக்கு' என்று எழுதினேன். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து, முதலில் நின்ற ஒற்றைக் கொம்பில் விரலை வைத்தான். அங்கேயே நின்றுவிட்டான். காதுக்கு 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பிறகு வருகிறது. கண்ணுக்கோ கொம்பு முன்னால், க நடுவில், கால் பின்னால். நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை. படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இது சின்ன வேலை இல்லை. கடல், பகல், சங்கம் என்ற மூன்று சொற்களிலும் க என்ற ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிப்பதும் அப்படித்தான். இதையெல்லாம் விதியாகச் சொல்லிப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியாது. திரும்பத் திரும்பப் படித்து, தன் காதாலேயே அவன் கண்டுபிடிக்க வேண்டும்.

திரும்பத் திரும்பப் படிக்க எதைக் கொடுப்பது? அங்கேதான் கை வெறுமையாக இருந்தது. எழுத்து அட்டை இருந்தது. 247 எழுத்தும் அதில் வரிசையாக இருந்தன. அடுத்தது நேராகப் பாடநூல். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. படிக்கட்டு இல்லாத கிணற்றின் விளிம்பில் பிள்ளைகளை நிறுத்தி, இறங்கு என்று இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தோம். தைரியசாலிகள் குதித்து நீந்திவிட்டார்கள். மற்றவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: மனப்பாடம். விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். தலைகீழாகப் புத்தகத்தைப் பிடித்தபடி பாடம் முழுவதையும் பிழையில்லாமல் ஒப்பித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப் படிப்பு என்று எண்ணி ஏமாந்தும் இருக்கிறேன்.

அந்த டிசம்பரில்தான் கைப்பேசியில் தேடத் தொடங்கினேன். முதலில் கிடைத்தவை பெரும்பாலும் ஆடிப்பாடும் படங்கள். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஆனால் பார்த்தார்களே தவிர படிக்கவில்லை. அங்கே எழுத்து ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, பொம்மைதான் எல்லாம் பேசியது. பாடநூல்களில் 2018 முதல் அச்சாகி வந்த கியூஆர் கோடும், அது கொண்டுபோய் நிறுத்தும் தீக்ஷா தளமும் பாடத்தை விளக்க உதவின. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதியில் பாட்டும் கதையும் இருந்தன. ஆனால் நான் தேடியது வேறு. பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. அதே சொல் மறுபடி மறுபடி வர வேண்டும். பக்கம் முழுக்கப் படம் வேண்டும். அப்படி ஒன்றல்ல, நூறு வேண்டும்.

அது ஸ்டோரிவீவரில் கிடைத்தது. பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8ஆம் தேதி, உலக எழுத்தறிவு நாளன்று, தொடங்கிய தளம் அது. இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளில் அங்கே சிறுவர் கதைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கதைக்கும் ஒன்று முதல் நான்கு வரை வாசிப்பு நிலை குறித்திருக்கிறார்கள். முதல் நிலையில் எளிய சொற்கள், குட்டி வாக்கியங்கள். நிலை ஏற ஏறக் கதை நீளும். இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் குறிப்பிட்டால் போதும், கதையை மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். உரிமம் அப்படித் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இதன் அருமை எனக்கு முதலில் உறைக்கவில்லை.

முப்பது பிள்ளைகளுக்கு நடுவே இருந்தது என் கைப்பேசி ஒன்றுதான். அதனால் திரையை நம்பவில்லை. வாரம் இரண்டு கதைகளைத் தாலுகா ஊரில் ஜெராக்ஸ் எடுத்துவந்து, நடுவில் நூல் தைத்தேன். ஒரு பக்கத்தில் நான்கைந்து சொற்களுக்கு மேல் பிள்ளை தடுக்கினால், அந்தக் கதை அவனுக்கு இன்னும் கனம் என்று வைத்துக்கொண்டு ஒரு படி இறங்கினேன். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு முதல் நிலைக் கதையைக் கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. இதைப் பிள்ளைகள் சீக்கிரம் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை தானே படித்து முடித்தவனின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அப்போதுதான் இன்னொரு தடை கண்ணில் பட்டது. ஒரு கதையில் 'தாத்தா சந்தைக்குச் சென்றார்' என்று இருந்தது. ஒரு சிறுமி 'செ-ன்-றா-ர்' என்று எழுத்தெழுத்தாகச் சரியாகவே கூட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்படின்னா என்ன டீச்சர்?" என்றாள். எங்கள் ஊரில் யாரும் செல்வதில்லை, எல்லோரும் போகிறார்கள். பேசும் தமிழ் ஒன்று, எழுதும் தமிழ் ஒன்று என்று வாழும் நமக்கு, எழுத்தைக் கூட்டுவது பாதி வேலைதான். கூட்டி முடித்ததும் வருவது, வீட்டில் கேட்ட சொல்லாக இருந்தால்தான் பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் வரும். நான் 'சென்றார்' என்பதை அடித்து 'போனார்' என்று எழுதினேன். 'போனார்' வீட்டிலும் உண்டு, புத்தகத்திலும் உண்டு. இரண்டு தமிழிலும் கால் வைத்திருக்கும் இப்படிப்பட்ட சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வந்தான், பார்த்தாள், கேட்டார், ஓடினான். முதல் படிகளை இந்தச் சொற்களால் கட்டினேன். பத்துக் கதைகள் போன பிறகு 'சென்றார்' என்ற சொல்லும் வந்தது. அப்போது அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திறந்த உரிமத்தின் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு கதையில் என் பிள்ளைக்காக ஒரு சொல்லை மாற்றும் உரிமையை, எங்கோ இருக்கும் ஓர் எழுத்தாளர் முன்கூட்டியே எனக்குக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். இணையத்தில் கிடைப்பதை அப்படியே எடுத்து நீட்டாதீர்கள். முதலில் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் நாக்கு எங்கே தடுக்குகிறதோ, பிள்ளையும் அங்கே விழும். சில தளங்களில் எந்திரம் மொழிபெயர்த்த தமிழ் வருகிறது. எழுத்துகள் தமிழாக இருக்கும், வாக்கியம் தமிழாக இருக்காது. ஒலிக்கதைகளில் ழவும் ளவும் ஒன்றாகிவிடுவதும் உண்டு. அவற்றை வடிகட்டுவது நம் வேலை. அரிசியில் கல் பொறுக்குவதைப் போல ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை.

கூகுளின் ரீட் அலாங் செயலி பற்றியும் சொல்ல வேண்டும். 2019இல் போலோ என்ற பெயரில் வந்த அந்தச் செயலி பின்னர் தமிழுக்கும் வந்தது. பிள்ளை வாய்விட்டுப் படிக்கப் படிக்க அது கேட்டுக்கொண்டே இருக்கும். தடுக்கிய சொல்லைத் தொட்டால் படித்துக் காட்டும். நன்றாகப் படித்தால் நட்சத்திரம் தரும். 2022 ஜூன் தொடக்கத்தில், தன்னார்வலர்கள் நடத்திய இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இந்தச் செயலியைக் கொண்டு பன்னிரண்டு நாள் வாசிப்பு மாரத்தான் நடந்தது. என் வகுப்பில் வாயே திறக்காத சிறுமி ஒருத்தி இருந்தாள். தவறாகப் படித்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் அவளுக்கு. எங்கள் காலனியில் மையம் நடத்திய தன்னார்வலர் அக்கா தன் கைப்பேசியை அவளிடம் கொடுத்து வேப்பமரத்தடியில் தனியாக உட்காரவைத்தார். எந்திரம் சிரிக்காது; சலித்துக்கொள்ளாது; இருபதாவது முறையும் அதே குரலில் சொல்லிக்கொடுக்கும். மரத்தடியிலிருந்து அவள் குரலை நான் முதல்முறையாகக் கேட்டேன். அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

ஆனால் மூன்றாவது நாள் அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து, "நான் படிக்கிறேன், நீ கேளுக்கா" என்றாளாம். அக்கா சொன்னபோது என் ஆயா நினைவுக்கு வந்தார். எந்திரத்துக்குச் சொல் சரியா தவறா என்று தெரிகிறது. ஆனால் கதையில் ஆடு ஆற்றில் விழுந்ததும் "ஐயோ!" என்று அது பதறாது. பிள்ளை பதறுகிற ஆளைத் தேடுகிறது. சொல்லை நட்சத்திரத்துக்காகப் படிக்கலாம்; கதையை இன்னொருவருக்காகத்தான் படிக்க முடியும்.

அந்த ஆண்டிலிருந்து கிணற்றுக்குப் படிக்கட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அதே 2022 ஜூனில் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கி, ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நுழை என்ற அந்தப் பெயரே எனக்கு மிகவும் பிடித்தது. வாசலில் நிற்கிற பிள்ளையை உள்ளே வா என்று கூப்பிடுகிற பெயர் அது. இன்று என் வகுப்பறையில் அந்தப் புத்தகங்கள் கொடியில் தொங்குகின்றன. பக்கத்திலேயே நான் தைத்த ஜெராக்ஸ் கதைகளும் தொங்குகின்றன. பிள்ளைகள் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

மிச்சம் இருந்தது வீடு. பெற்றோர் கூட்டத்தில், இணையத்தில் இன்னின்ன கதைகள் இருக்கின்றன, ராத்திரியில் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். "நானே கைநாட்டு டீச்சர். நான் என்னத்த படிச்சிக் குடுக்கறது?" என்றார். குரலில் கோபம் இல்லை; கூச்சம்தான் இருந்தது. படித்தவர்களை மனதில் வைத்து நான் பேசியிருக்கிறேன் என்பது சுருக்கென்று தைத்தது. நூறு நாள் வேலைக்கும் அறுவடைக்கும் போய்வந்து அடுப்பு மூட்டுகிற பெண் அவர்.

"நீங்க படிக்க வேணாம்மா. அவன் படிப்பான். நீங்க சோறு வடிச்சிக்கிட்டே ம் கொட்டுங்க. நிறுத்தினா, அப்புறம்னு கேளுங்க. அது போதும்" என்றேன்.

"அவ்ளோதானா?" என்றார் நம்பாமல்.

அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான கதைகள் இன்று காற்றில் வருகின்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்கவும் செப்பனிடவும் ஆசிரியர் வேண்டும். ஆனால் கேட்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை. எழுத்தறியாத தாய் தன் பிள்ளையின் எழுத்தறிவுக்குத் தர முடிகிற மிகப் பெரிய பொருள் அந்த ம்தான். அதற்கு டேட்டா வேண்டாம், சார்ஜ் வேண்டாம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கைப்பேசி பல வீடுகளில் அப்பாவோடு வேலைக்குப் போய் எட்டு மணிக்குத்தான் திரும்பும். அதனால் எட்டரைக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கதையின் பக்கங்களை அனுப்புவேன். கைப்பேசியே இல்லாத வீட்டுக்குச் சாயங்காலமே தாளைக் கொடுத்தனுப்புவேன். ஆனால் கதையில் பாதியைத்தான் தருவேன். மறுபாதி அடுத்த நாள்தான். ஆயாவிடம் கற்ற வித்தை அது. ராஜா குதிரையில் காலை வைத்த இடத்திலேயே அவர் விளக்கை அணைத்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்பே, அந்த அம்மா பள்ளி வாசலில் நின்றிருந்தார். தோளில் மண்வெட்டி, கையில் தூக்குச்சட்டி. பையனுக்கு உடம்பு சரியில்லையோ என்று வேகமாகப் போனேன்.

"டீச்சர், அந்த ஆட்டுக்குட்டி ஆத்தத் தாண்டிச்சா இல்லியா? ராத்திரி முழுக்க அதே நெனப்பா இருக்குது" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. முடிவு என் பையில் தாளாக இருந்தது. எடுத்துச் சொல்லிவிட வாய் துடித்தது. ஆனாலும் சொல்லவில்லை. "சாயந்திரம் உங்க புள்ள படிச்சிக் காட்டுவான்மா" என்றேன்.

"ம்" என்றார் அவர். மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.