உப்பு திரும்பி வந்த கதை: அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு பயணம்

அவிநாசிபாளையத்தில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. ஒன்று கோவையிலிருந்து திருச்சிக்குப் போகிறது. இன்னொன்று அவிநாசியில் கிளம்பி, திருப்பூர் வழியாக வந்து இங்கேயே முடிகிறது. வடக்கே திரும்பினால் பனியன் ஊர். கிழக்கே போனால் மாட்டுக்கும் தேங்காய்க்கும் பேர்போன காங்கேயம். ஆலைக்காரரும் விவசாயியும் ஒரே பஸ்ஸுக்கு நிற்கும் இடம் இது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வழக்கு ஓடியது. காரணம், உப்பு.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்பு கழிவுநீரோடு நொய்யலில் கலக்கும். காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் இடையே, பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமானது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பு கரித்தன. ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி வெளியூருக்குப் போய் சாயமேறி வந்தது. வேலையிழந்த தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு ரயில் ஏறினார்கள்.

வழி பிறந்தது அதன்பிறகுதான். கழிவுநீரை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்து, சவ்வுகளின் வழியே வடிகட்டி, நல்ல நீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புவது. மிஞ்சும் உப்புக் கரைசலையும் மறுபடி சாயமேற்றவே பயன்படுத்துவது. பல்லடம் சாலையில் உள்ள அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் இந்த முறை சோதிக்கப்பட்டது. தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. பட்டறைக்காரர்களும் சேர்ந்து செலவைச் சுமந்தார்கள்.

கம்பெனி கண்டுபிடிக்கும், ஜனங்கள் வாங்குவார்கள், அரசு பிறகு விதி போடும் என்றுதான் புதுத் தொழில்நுட்பத்தைப் பற்றி நினைக்கிறோம். இங்கே வரிசையே தலைகீழ். முதலில் கேட்டவர் கிணறு கெட்டுப்போன விவசாயி. அடுத்து கோர்ட், பிறகு தொழில்நுட்பம், பணம்.

கதை இன்னும் முடியவில்லை. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு, சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மழைக்காலத்தில் நொய்யலில் நுரை மிதக்கும் செய்தியும் நின்றபாடில்லை. அந்த மூட்டைகளுக்கு ஒரு வழி சொல்லும் வரை, நாம் போடும் பனியனின் முழு விலை இன்னும் கொடுபடவில்லை என்றுதான் அர்த்தம்.