நூறு வருஷம் வரும்

2004-இல் பேட்டையில் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் கிளப் இருந்தது. பெயரெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பிரவுசிங் சென்டரின் பின்னறையில் ஆறு பேர் கூடுவோம். ப்ளஸ் ஒன் பையன்கள் நாங்கள் மூன்று பேர், ஐடிஐ படித்த இரண்டு அண்ணன்கள், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பழைய சிடி ரைட்டர் வாங்கியிருந்தோம்.

வெற்று சிடி அப்போது எங்களுக்கு விலை கூடிய சாமான். ஒன்று வீணானால் அந்த வாரம் பரோட்டா கிடையாது. வீணாவது சுலபமாகவும் இருந்தது. எழுத ஆரம்பித்த லேசருக்கு நிற்காமல் தகவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். இடையில் வரத்து அறுந்தால் சிடி காலி. 2000-க்குப் பிறகு வந்த டிரைவ்கள் விட்ட இடத்திலிருந்து தொடரக் கற்றுக்கொண்டன. எங்களுடையது அதற்கு மூத்தது. அதனால் நீரோ சாஃப்ட்வேரில் ‘பர்ன்’ அழுத்தியதும் மவுஸைத் தொடமாட்டோம். ஸ்க்ரீன்சேவர் கூடாது. “ஏலே, சத்தம் போடாத, எழுதிட்டு இருக்கு” என்பார் அண்ணாச்சி, ஏதோ பக்கத்தில் பிள்ளை தூங்குவதுபோல. கெட்டுப்போன சிடிகள் எங்கள் சைக்கிள் சக்கரங்களில் மின்னின.

கடையில் வாங்கும் படப் பாட்டு சிடியும் நாங்கள் எழுதும் சிடியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒன்றில்லை. தொழிற்சாலையில் அச்சடிக்கும் சிடியில் தகவல், பிளாஸ்டிக்கிலேயே பதிந்த பள்ளங்களாக இருக்கும். வீட்டில் எழுதும் சிடியில் இருப்பது ஒரு சாயப்பூச்சு. லேசர் சுட்ட இடத்தில் சாயம் மாறும். படிக்கும்போது மாறின இடத்தையும் மாறாத இடத்தையும் வைத்து ஒன்றும் சுழியும் பிரிக்கப்படும். சாயம் என்றால் வெயிலுக்கு வெளுக்கும். பத்தமடைப் பாயைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சில கம்பெனிகள் நூறு வருஷம் வரும் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தன. நாங்களும் அதையே ஊருக்குச் சொன்னோம்.

கிளப்பில் இருந்த என் நண்பனின் வாப்பா சவுதியில் வேலை பார்த்தவர். 2002-இல் அங்கேயே ஒரு விபத்தில் இறந்து, அங்கேயே அடக்கமானார். போன் பேசக் காசு அதிகமான காலத்தில் அவர் கேசட்டில் பேசி அனுப்பியவற்றில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. 1998-இல் வந்தது, 60 நிமிஷம். நாடா இழுத்து இழுத்துக் குரல் தேய ஆரம்பித்திருந்தது.

“சிடில போட்டுருவோம் உம்மா, நூறு வருஷம் வரும்” என்றது நான்தான்.

டேப்ரெக்கார்டரை சவுண்ட் கார்டில் மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். தரம் குறையக் கூடாதென்று எம்பி3 ஆக்கவில்லை. 600 எம்பி வந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லாததால், சிடி எழுதி முடிந்ததும் அந்த ஃபைலை அழித்தேன். மேல்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ‘வாப்பா 1998’ என்று எழுதினேன். உம்மா கேட்டுவிட்டு அழுதார்கள், சிரித்தார்கள், எனக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார்கள். நண்பனின் சின்ன மாமா அந்தக் கேசட்டைக் காட்டி, “இதுல ஒரு பயான் பதிஞ்சுக்கிடட்டுமா?” என்று கேட்டார். “தாராளமா. இனி அது தேவையில்ல” என்றேன். எனக்கு வயது 16.

2019-இல் நண்பனின் தங்கை போன் செய்தாள். சிடி ஓட மாட்டேன் என்கிறதாம். பெங்களூரிலிருந்து ஒரு பழைய டிரைவையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். இத்தனை வருஷமும் அது மேற்கு ஜன்னலுக்கு எதிரே ஷோகேஸில், உம்மாவின் மக்கா படத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ‘வாப்பா’ என்ற எழுத்துகளின் வழியே வெளிச்சம் வந்தது. சிடியில் தகவல் இருக்கும் அடுக்கு, பளபளக்கும் அடிப்பக்கத்துக்கு அருகில் இல்லை. பெயர் எழுதும் மேல்பக்கத்துக்குக் கீழே மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அடிக்கீறல் பட்டால் பாலிஷ் செய்து பார்க்கலாம். மேல்பக்கம் கீறினால் கீறியது தகவலையே. இதையெல்லாம் வேலைக்குப் போன பிறகு படித்தேன். அதே ஊரில் 2005-இல் தபாலில் இலவசமாக வந்த உபுண்டு சிடி, அச்சடித்தது, இன்றும் என்னிடம் ஓடுகிறது.

சிடிபாரனோயா என்ற புரோகிராமை இரண்டு ராத்திரி ஓடவிட்டேன். சிடியில் எழுத்து உள்ளிருந்து வெளியே போகும். ஆகவே முதல் 41 நிமிஷம் கிடைத்தது. ஃபீஸ் கட்டச் சொன்னது, அறையில் சோறு வடித்த கதை, வெயில், சம்பளம் எல்லாம் இருக்கிறது. பிறகு திக்கித் திக்கி, ஒன்றுமில்லை. கடைசிப் பகுதியில்தான் வீட்டில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி சலாம் சொல்லியிருந்தார். அவர் போகும்போது தங்கை கைக்குழந்தை. அவளை என்னவோ செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்காகத்தான் அவள் எனக்கு போன் செய்திருக்கிறாள்.

“என்ன சொல்லுவாங்கன்னு உம்மாவுக்குத் தெரியும்ணே. ஆனா அது உம்மா குரல்ல இருக்கும்” என்றாள்.

கேசட்டை அழிக்கச் சொன்னது நான் என்று அன்றுதான் உம்மாவிடம் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “விடு வாப்பா, நீ சின்னப்புள்ள. இத்தன வருஷம் அதுலதான கேட்டோம்” என்றார்கள்.

எனக்கு அது போதவில்லை. அந்த 41 நிமிஷத்தை இப்போது மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்: அவர்கள் வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று, வெளியே ஒரு சர்வரில் ஒன்று. ஒவ்வொரு ரமலானுக்கும் மூன்றையும் திறந்து, கடைசி நொடி வரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தங்கைக்கு மெசேஜ் போடுவேன். நூறு வருஷம் வரும் என்று யாரிடமும் சொல்வதில்லை. இந்த வருஷம் ஓடுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.