வரிசையில் ஓர் இடம்

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. சிறு வகுப்பிலிருந்தே இதைக் கட்டுரை நோட்டில் பலமுறை எழுதி 'நன்று' வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு உண்மையில் விளங்கியதோ 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில்!

டிசம்பர் 3-ஆம் தேதி இரவு பிடித்த மழை மறுநாள் முழுவதும் ஓயவில்லை. மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் இருந்தபடியே கொட்டித் தீர்த்துவிட்டு, 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. வேளச்சேரிப் பக்கம் தாழ்வான தெரு ஒன்றில், தரைத்தளத்தில் எங்கள் வீடு. முன்னறைதான் அம்மாவின் தையற்கூடம். கிறிஸ்துமஸுக்காகப் பங்கு மக்கள் கொடுத்திருந்த துணிகள் அலமாரி நிறைய இருந்தன. விடிவதற்குள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மாடி வீட்டு அத்தை கதவைத் திறந்து எங்களை ஏற்றுக்கொண்டார்கள். கீழே ஒரு பச்சைப் பட்டுத்துணி மிதந்து வந்தது. அம்மா படியில் இறங்கி அதைப் பிடித்துப் பிழிந்து, "இது யாரோடதுன்னு ஞாபகம் வெச்சுக்கோ" என்றார்கள். அப்போதும் அவர்களுக்குப் பிறர் பொருளைப் பற்றித்தான் கவலை!

தண்ணீர் வடிந்தபோது இரண்டு மோட்டார் தையல் மெஷின்களும் சேற்றில் கிடந்தன. மாடிப்படிக்கு அடியில் மூன்றாவது மெஷின் ஒன்றும் உண்டு. ஆனால் அது உடைந்துபோய் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

அரசு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தது. வெள்ளத்தில் அவதிப்பட்டோம், அது எங்களுக்கு உரியது, வாங்கிக்கொண்டோம். பின்னர் எங்கள் பங்கில் சில நல்லுள்ளங்கள் சேர்ந்து, தொழிற் கருவிகளை இழந்தவர்களுக்குப் பணமும், மற்றவர்களுக்கு வீட்டுச் சாமான்களும் தர முன்வந்தார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சொல்லி, எங்கள் தெருவின் பட்டியலை எழுதும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்கள். எனக்கு ஒரே பெருமை!

மாடி வீட்டு அத்தை மெதுவாக என்னிடம் வந்தார்கள். "பாப்பா, எங்க பேர்லயும் ஒரு மிக்ஸி, ஒரு ஸ்டவ் எழுதிடும்மா. எல்லாரும்தான் எழுதறாங்க" என்றார்கள். அவர்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறவில்லை. ஆனால் இரண்டு நாள் எங்களுக்குச் சோறு போட்டவர்களாயிற்றே! எழுதினேன். ஒரு பொய் எழுதிய பேனாவுக்கு அடுத்த பொய் எளிதாக வந்தது. எங்கள் வீட்டுக் கணக்கில், 'தையல் மெஷின் - 3' என்று எழுதிவிட்டேன்.

ஞாயிறு திருப்பலி முடிந்து உதவிகளை வழங்கினார்கள். மெஷின் ஒன்றுக்கு 3,000 ரூபாய் வீதம் எங்களுக்கு 9,000 ரூபாய் கிடைத்தது. அத்தைக்கு மிக்ஸியும் ஸ்டவ்வும் கிடைத்தன. வரிசையின் கடைசியில் இட்லிக்கார ஆயா நின்றிருந்தார்கள். ஆயாவின் அடுப்பு, இட்லிக் குண்டான், மாவரைக்கும் கிரைண்டர் எல்லாம் போய்விட்டன. ரேஷன் அட்டை வேறு ஊர் முகவரியில் இருந்ததால் அரசின் டோக்கனும் அவர்களுக்கு வந்திருக்கவில்லை. அவர்கள் முறை வந்தபோது ஸ்டவ்வும் தீர்ந்துவிட்டது, பணமும் தீர்ந்துவிட்டது. ஆயா யாரையும் குறை சொல்லவில்லை. கொண்டு வந்த பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பைதான் தெரிந்தது. எழுந்துபோய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. காலையில் 3,000 ரூபாயை ஓர் உறையில் போட்டு, "எழுதினது நீ. ஃபாதர்கிட்ட சொல்ல வேண்டியதும் நீதான்" என்று என்னை அழைத்துப் போனார்கள். பங்குத் தந்தை பொறுமையாகக் கேட்டார். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கத் துணிந்த சக்கேயுவை எனக்கு நினைவூட்டினார். அன்று மாலையே அந்தப் பணம் ஆயாவிடம் போய்ச் சேர்ந்தது. மாடி வீட்டு அத்தையிடமும் நடந்ததைச் சொன்னேன். ஒரு மாதம் அவர்கள் என்னோடு பேசவில்லை. அதைத் தாங்கிக்கொண்டேன். கேட்டது அவர்கள் என்றாலும், எழுதியது என் கைதானே?

பொய் சொல்லி நிவாரணம் வாங்குவது பாவம் மட்டுமல்ல, குற்றமும்கூட என்று பின்னால் அறிந்தேன். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, தெரிந்தே பொய்க் கணக்குக் காட்டி அரசிடம் உதவி கோருபவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் மட்டுமே திருந்தியிருப்பேன். ஒருநாள் இரவு சாப்பிடும்போது அப்பா சொன்னார்கள்: "பொய் எழுதினது நீ. ஆனா நம்மளை அந்த வரிசையில நிக்க வெச்சது நான்."

மெஷின் வாங்கக் கடன் எடுத்தபோது வங்கி அவற்றை இன்ஷூரன்ஸ் செய்ய வைத்ததாம். கடன் அடைந்ததும் அப்பா அதைப் புதுப்பிக்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்து நகரமே மூழ்கியபோது, 'இது நூறு வருஷத்துக்கு ஒரு தரம் வர்ற வெள்ளம்' என்று ஊரே பேசிற்று. இனி நம் காலத்தில் வராது என்று அப்பா நம்பிவிட்டார்கள். கணக்குப் பாடம் படித்த பிறகே எனக்குப் புரிந்தது: ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். வெள்ளம் நாட்காட்டி பார்த்து வருவதில்லை. எட்டே ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதே!

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் ஆண்டுதோறும் தவறாமல் பணம் கட்டி வந்தவர். நனைந்த மூட்டைகளை அகற்றுமுன் படம் எடுத்து, கம்பெனிக்கு உடனே தகவல் கொடுத்தார். சர்வேயர் வந்து பார்த்துப் போனார். சில மாதங்களில் இழப்பீடு வந்தது. அவர் நிவாரண வரிசைக்கு வரவேயில்லை. அவர் நிற்காத இடம் இன்னோர் ஏழைக்குக் கிடைத்தது.

இப்போது அப்பாவும் தையற்கூடத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டார்கள். ஆண்டுக்கு ஆகும் செலவு, நாங்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் ஸ்டாருக்கும் செலவழிப்பதைவிட அதிகமில்லை. வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்றும், சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்றும் 2021 ஏப்ரல் 1 முதல் பாலிசிகள் உள்ளன. தீயோடு புயலும் வெள்ளமும் அவற்றில் அடங்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். அப்பாவின் ஸ்கூட்டருக்கு இருந்ததோ சட்டத்துக்காகக் கட்டும் 'தேர்ட் பார்ட்டி' இன்ஷூரன்ஸ் மட்டுமே. நம் வண்டி வெள்ளத்தில் கெட்டால் அதில் ஒரு காசும் வராது. நம்மில் எத்தனை வீடுகளில் இது தெரியும்?

அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் ஆயாவைப் போன்றவர்களிடம் போய் இன்ஷூரன்ஸ் பற்றிப் பேச முடியாது. அவர்களுக்காகத்தான் நிவாரணம். நம்மால் முடிந்தும் முன்னேற்பாடு செய்யாமல் வரிசையில் நிற்கும்போதும், பொய் சொல்லி வரிசையில் நிற்கும்போதும், பின்னால் நிற்கும் ஒருவர் வெறும் பையோடு திரும்புகிறார்.

பத்துக் கன்னியர் உவமையில், எண்ணெய் இல்லாத ஐந்து பேரை அறிவிலிகள் என்கிறார் ஆண்டவர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கடைசி நேரத்தில் பிறரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டவர்கள். அன்புத் தோழியரே! இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடம், "நம் விளக்கில் எண்ணெய் இருக்கிறதா?" என்று கேளுங்கள். என்றேனும் நிவாரணப் பட்டியல் எழுதும் பேனா உங்கள் கைக்கு வந்தால், வரிசையின் கடைசியில் நிற்பவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.