ரிந்திஸ் தீவின் கோபால்

மகன் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒருநாள் பள்ளி வேனிலிருந்து இறங்கியதும், "ப்பா, என்னை எல்லாரும் கோபால்னு கூப்பிடுறாங்க" என்றான். அவன் பெயர் கோபால் இல்லை. கொஞ்சம் குண்டு, வகுப்பிலிருந்த ஒரே தமிழ்ப் பையன். எனக்கு விளங்கிவிட்டது.

2011இல் டிவி3இல் தொடங்கிய 'போபோய்பாய்' கார்ட்டூனைப் பார்க்காத பிள்ளைகள் இங்கே குறைவு. புலாவ் ரிந்திஸ் என்ற கற்பனைத் தீவில் தாத்தா தோக் அபா கொக்கோ கடை வைத்திருக்கிறார். அந்தக் கொக்கோவுக்காக அடு டு என்ற சதுரத் தலை வேற்றுக்கிரகவாசி அலைகிறான். ஓச்சோபோட் என்ற ரோபோ பிள்ளைகளுக்குச் சக்தி தருகிறது. போபோய்பாய் மூன்றாகப் பிரிவான். தூடோங் அணிந்த யாயாவுக்குப் புவியீர்ப்பு, சீனச் சிறுமி யிங்குக்கு வேகம். நம்மவன் கோபாலுக்கு? எதையும் சாப்பாடாக மாற்றும் சக்தி!

பயந்தாங்கொள்ளி, சாப்பாட்டு ராமன், வாயைத் திறந்தால் 'டேய்'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தியன் என்றால் இவர்களுக்கு இவ்வளவுதான் தெரியுமா என்று மனைவியிடம் பொரிந்தேன். "அவன் அழுதானா?" என்று மட்டும் கேட்டாள்.

அழவில்லை. சோபாவில் உட்கார்ந்து அதே கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், குறை கண்டுபிடிக்கத்தான். ஆனால் சிரித்துவிட்டேன். எதிரியின் பொருளைத் தின்பண்டமாக்கிவிடுவது, யோசித்தால், அவ்வளவு மோசமான ஆயுதமும் இல்லை. அந்த 'டேய்' இன்னொரு வேலையும் செய்திருந்தது. சாயங்காலம் எங்கள் தாமான் திடலில் மலாய்ப் பிள்ளைகள் பந்துக்காக ஒருவரையொருவர் 'டேய்' என்றுதான் கத்திக்கொள்கிறார்கள். தீவிலிருந்து வெளியே வந்த நம் சொல் அது ஒன்றுதான். அதற்குப் பெருமைப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பாதியில் மகன் கேட்டான்: "கோபால் வீட்டுல தமிழ் பேசுவானாப்பா?"

கார்ட்டூனில் பேசுவதெல்லாம் மலாய்தான். "பேசுவான்" என்றேன்.

அவனைத் தேசியப் பள்ளியில் சேர்த்தது நான். தமிழ்ப்பள்ளி தூரம், காலையில் வேலைக்கு நேரமாகிவிடும் என்று மாமனாரிடம் காரணம் சொன்னவனும் நானே.

"அப்போ நீங்க ஏன் என்னை மலாய்லயே ஏசுறீங்க?"

சமையலறையில் மனைவி சிரிப்பது கேட்டது.