நம்பர் இருக்கா?

எனக்கு ஒரு வியாதி உண்டு சார். செல்லாத நோட்டுகளைச் சேர்ப்பது. "செல்லுகிற நோட்டைச் சேர்த்தால் குடும்பம் நடக்கும்" என்பாள் மனைவி. அவள் கட்சி நியாயமானதுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் பிடித்த ஊருக்கெல்லாம் தனி நோட்டு அடித்தார்கள். மலேயாவுக்கு டாலர், பர்மாவுக்கு ரூபாய். பெரும்பாலானவற்றில் வரிசை எண்ணே கிடையாது. எண்ணி அடித்தால்தானே எண் போட!

எங்கள் எண்ணூரில் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைய. நாலாவது வீட்டு ஆயாவின் தகரப் பெட்டியில் ஒரு கட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அத்தனையும் பத்து ரூபாய். நம்பர் இல்லாத விஷயத்தைக் காட்டி என் மேதாவித்தனத்தை அவிழ்த்துவிட்டு, "கட்டு என்ன விலை ஆயா?" என்றேன்.

"எங்கப்பா ரங்கூன் ஹார்பர்ல மூட்டை தூக்கின காசு தம்பி. 45-ல இங்கிலீஷ்காரன் திரும்பி வந்து செல்லாதுன்னுட்டான். அம்மா அடுப்புல போடப் போச்சு. அப்பா புடுங்கி வெச்சுக்கிட்டாரு. என்னிக்காவது மாத்தித் தருவாங்கன்னு சாகிற வரைக்கும் சொல்லுவாரு."

அது முதல் தடவை. 1964-ல் நே வின் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாது என்றது. ஆயாவின் புருஷன் வைத்திருந்த கடையும் போச்சு, காசும் போச்சு. கப்பலேறி வந்துவிட்டார்கள்.

ஹாங்காங்கில் ஜப்பானின் ராணுவ யென்னை வைத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் டோக்கியோ கோர்ட் வரை போனார்கள், 1999-ல் தள்ளுபடி ஆனது என்றேன்.

"அவங்களாவது கோர்ட்டுக்குப் போனாங்க" என்று பெட்டியை மூடிவிட்டார்.

2016 நவம்பர் 10. பாங்க் வாசலில் அனுமார் வால் க்யூ. எனக்கு முன்னால் ஆயா. எண்பது தாண்டிய உடம்பு, முந்தானை முடிச்சில் எட்டு ஐநூறு ரூபாய்.

"தம்பி, நீ நோட்டு விஷயம் தெரிஞ்சவன். இந்தத் தடவையாவது மாத்தித் தருவாங்களா?"

"தருவாங்க ஆயா" என்றேன். சத்தியமாக எனக்கே வயிற்றைக் கலக்கியது.

மத்தியானம் இரண்டு ரோஸ் கலர் 2000 ரூபாய் கிடைத்தது. ஆயா வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் தெரியவில்லை. என்னிடம் நீட்டினார்.

"நம்பர் இருக்கா பாருப்பா."

இருந்தது. இரண்டையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் முந்தானையில் முடிந்துகொண்டார்.

கட்டு இப்போது பேத்தியிடம் இருக்கிறது. நான் விலை கேட்கவில்லை.