ஆறு பேருக்கு ஒரு பொரித் தட்டு

ஆயுத பூஜை அன்று திருப்பூரில் தையல் மெஷின் சத்தம் அடங்கிவிடும். நான் போன பனியன் கம்பெனியில் ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு சமர்த்தாக நின்றன. மொத்தம் 120 பேர் வேலை செய்கிறார்கள்.

"போன வருசம் பொரியைக் கவர்ல போட்டுக் கொடுத்தோமுங்க. வாங்குனதும் ஆளாளுக்குக் கிளம்பிட்டாங்க. கட்டிங்ல இருக்கறவங்களுக்கு பேக்கிங்ல யாரு இருக்காங்கன்னே தெரியலை" என்றார் சூப்பர்வைசர் அக்கா. அதனால் இந்த முறை ஆறு பேருக்கு ஒரு தாம்பாளம், மொத்தம் 20. ஒரே செக்‌ஷன் ஆட்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்காரக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம்.

பொரி, பொட்டுக்கடலை, நிலக்கடலை, அவல் வரை காலையிலேயே கலந்து மூடிவிட்டார்கள். தேங்காய்ப் பல்லும் வெல்லமும் முன்னாடியே சேர்ந்தால் பொரி நமத்துவிடும். தீபாராதனை முடிந்த பிறகுதான் அவை தட்டுக்கு வந்தன. சுண்டலை நன்றாக நீர் வடித்து, வாழை இலைத் துண்டில் நடுவே தனியாக வைத்தார்கள். வடை, போண்டா எதையும் காணோமே என்று கேட்டேன்.

"வெள்ளைத் துணியில ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பீஸ் ரிஜெக்ட்டுங்க கண்ணு!"

லீவு நாளிலும் அந்தப் பயம் போகவில்லை.

எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன மூன்று தம்பிகள் மட்டும் சுவரோரம் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. பார்க்கவே சங்கடமாக இருந்தது. செக்கிங் அக்கா ஒருவர்தான் தட்டைக் காட்டி, "பொரி, பொரி... வா சாமி" என்றார். ஒருவன் எட்டிப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "முடி!" என்றான்.

அவ்வளவுதான், தட்டில் முடி கிடக்கிறதென்று பெண்கள் பொரியைத் துழாவ ஆரம்பித்துவிட்டார்கள்!

இங்கே இரண்டு வருடமாக இருக்கும் இன்னொரு ஒடிசா தம்பி வந்து விளக்கினான். ஒடியாவில் பொரிக்குப் பெயரே 'முடி'தானாம். பாரிபதா பக்கம் அதை மட்டன் குழம்போடு சாப்பிடுவார்களாம். இதே மாதிரி மெஷினுக்குப் பூஜை போடும் விஸ்வகர்மா பூஜை அவர்களுக்குச் செப்டம்பர் 17-லேயே முடிந்துவிட்டதாம். சிரித்து முடிப்பதற்குள் மூன்று பேருக்கும் மூன்று தட்டுகளில் இடம் கிடைத்துவிட்டது.

பெரிய வெங்காயம், பச்சை மிளகாய் கிடைக்குமா என்று கேட்டார்கள். பூஜைப் பொரியில் வெங்காயமா என்று சிலர் முகம் சுளித்தது நிஜம். ஆனாலும் நறுக்கி வந்தது. அடுத்து கடுகெண்ணெய் கேட்டதும், சூப்பர்வைசர் அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எண்ணெய் மட்டும் ஆகாது தம்பி!"